பிழையறிந்த கடிகாரம்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தோர்க்குக் கடல் என்பது வேளாங்கண்ணித் திருப்பயணத்தின்போது மட்டும் காணக்கிடைக்கும் காட்சி. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும், வடக்கே கோடைமலை என மும்புறமும் மலைசூழ்ந்த நிலத்தில் அமர்ந்துகொண்டு, கப்பலில் காலத்தை எவ்வாறு காத்தனர் என்று எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் கடந்த ஓராண்டாக நம் மனத்தை விட்டு அகலாத பொருள் அதுவே. காரணம் ஒரு பழைய குறிப்பேடு.

வணிகக் கப்பல்களில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், சின்னமனூருக்கு அருகே சிறு தென்னந்தோப்பு ஒன்றை வாங்கிக் குடியேறியிருக்கிறார். ஞாயிறு மாலைகளில் அவரோடு பேசிக்கொண்டிருப்பது நம் வழக்கம். ஒருநாள் அவர் தம் இரும்புப் பெட்டியைத் திறந்து, நீலமை மங்கிய குறிப்பேடு ஒன்றைக் காட்டினார். இளம் அதிகாரியாக இருந்த காலத்தில் கப்பற் கடிகாரத்தைக் குறித்து நாள்தோறும் அவர் எழுதிவைத்த கணக்கு அது. நாள், வானொலி நேரக்குறி ஒலித்த மணி, அப்போது கடிகாரம் காட்டிய மணி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, முந்திய நாளைவிட அவ்வேறுபாடு எத்தனை நொடி கூடியது அல்லது குறைந்தது எனக் கட்டங்கள். ஒருநாள் இரண்டு நிமிடம் பதினான்கு நொடி முந்தல், மறுநாள் பதினைந்தரை, அதன் மறுநாள் பதினேழு. பக்கம் பக்கமாகப் புரட்டியும் ‘சரி’ என்னும் சொல்லை ஓரிடத்திலும் நாம் காணவில்லை.

“முள்ளைத் திருப்பிச் சரியாக வைத்துவிட்டால் இத்தனை எழுத்து வேலை இல்லையே?” என்று கேட்டோம்.

நண்பர் சிரித்தார். “தொடக்கூடாது ஐயா. தொட்டுவிட்டால் அப்புறம் அதை நம்ப முடியாது.”

அச்சொல்லின் பொருளை விளங்கிக்கொள்ள, கப்பலில் கடிகாரம் எதற்கு என்பதை முதலில் அறிதல் வேண்டும். நடுக்கடலில் மைல்கல் இல்லை. வழிகேட்க ஆளும் இல்லை. தாம் நிற்குமிடம் வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்பதை மட்டும் வானமே நேராகச் சொல்லிவிடும். துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகை வடக்கே நாம் இருக்கிறோம். தேனியில் இரவில் வடக்கு நோக்கி நின்று, கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், அடிவானத்திலிருந்து அம்முட்டியின் அளவு உயரத்தில் அவ்விண்மீன் மங்கலாய்த் தெரியும். தேனி ஏறத்தாழ 10 பாகை வடக்கே உள்ளது என்பதே அதன் பொருள். (பெரியகுளத்தில் மலையடியை ஒட்டி நிற்போர்க்குக் கோடைமலையின் முகடே அதை மறைத்துவிடவும் கூடும்.) சோழமண்டலக் கரையின் தமிழ் மாலுமிகள் இதற்கென இராப்பலகை என்றொரு கருவியை வைத்திருந்தனர். சிறு பலகை ஒன்று, அதன் நடுவே முடிச்சுகள் இட்ட கயிறு, அவ்வளவே. கயிற்றைப் பல்லில் கடித்துப் பலகையை நீட்டி விண்மீனின் உயரத்தை அளப்பர். எந்த முடிச்சுக்கு எந்தத் துறைமுகம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். காங்கிரீவ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1850-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில் இதை விவரித்து எழுதியுள்ளார்.

கிழக்கு மேற்கின் கதை வேறு. பூமி இடைவிடாது சுழல்வதால், கிழக்கு மேற்காக எங்கு நின்று பார்த்தாலும் ஒரே வானம் வரிசையாய் வந்து போகிறது. வேறுபடுவது அது வரும் நேரம் மட்டுமே. வேளாங்கண்ணியில் உச்சிவெயில் விழுந்து ஏறத்தாழ பத்து நிமிடம் கழித்தே தேனியில் விழுகிறது. ஆகவே, தெரிந்ததோர் இடத்தில் இப்போது மணி என்ன என்பதைக் கையோடு கொண்டுசெல்பவன், தான் நிற்குமிடத்தின் கதிரவனையோ விண்மீனையோ அளந்து, இரண்டு நேரங்களின் வேறுபாட்டைக் கொண்டு தன் தூரத்தைக் கணக்கிடலாம். ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. 4 நிமிடத்துக்கு 1 பாகை. நிலநடுக்கோட்டருகே 4 நொடிக்கு ஒரு கடல்மைல். நான்கு நொடி என்பது ‘பிதா, சுதன், தூய ஆவியின் பெயராலே’ என்று சிலுவை வரைந்து முடிக்கும் நேரம். அந்நேரம் பிசகினால் கப்பல் ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர், தள்ளி நிற்பதாக வரைபடத்தில் புள்ளி விழும். இருளில் பாறைக்கும் கப்பலுக்கும் இடையே அத்தனை தூரம் இல்லாமற்போவதும் உண்டு.

இதனால்தான் செக்ஸ்டன்ட் கருவியை ஏந்தியவர் விண்மீனை அடிவானத்தில் தொடவைத்த கணத்தில் குரல் கொடுப்பார், கடிகாரத்தருகே நிற்பவர் முதலில் நொடியை எழுதுவார், பிறகு நிமிடம், பிறகே மணி. நாம் மணியைக் கேட்டால் மணியிலிருந்து தொடங்குகிறோம். அவர்களோ ஓடிப்போவதை முதலில் பிடிக்கின்றனர்.

இத்தகைய கடிகாரம் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1707-இல் ஆங்கிலக் கடற்படையின் நான்கு கப்பல்கள் சில்லித் தீவுப் பாறைகளில் மோதி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714-இல் அந்நாட்டு நாடாளுமன்றம், கடலில் தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் கண்டறியும் வழி சொல்வோர்க்கு 20,000 பவுன் பரிசு அறிவித்தது. தச்சுத் தொழிலில் வளர்ந்த ஜான் ஹாரிசன் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். அவருடைய நான்காம் கடிகாரம் 1761-இல் ஜமைக்காவுக்குப் பயணம் செய்து, ஏறத்தாழ ஐந்து நொடிப் பிழையோடு போய்ச் சேர்ந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஆயினும் பரிசுக் குழுவினர் ஒப்பவில்லை. அவர்கள் எழுப்பிய தடைகளுள் பொறாமையும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி நேர்மையான கேள்வி. அக்கடிகாரம் நாளொன்றுக்கு இத்தனை நொடி பிந்தும் என்று கொண்டு, அதைக் கழித்த பின்னரே ஐந்து நொடி என்னும் விடை வந்தது. அந்த இயல்பான பிந்தலைப் பயணத்துக்கு முன்பே வெளிப்படையாக ஏன் அறிவிக்கவில்லை? விடை தெரிந்த பிறகு பிழையைச் சொன்னால் எவரும் எதையும் சரியாக்கிக் காட்டலாமே. 1764-இல் பார்படோஸ் தீவுக்கு நடந்த இரண்டாம் சோதனையில், கடிகாரத்தின் பிழை இன்னது என்று புறப்படுமுன்பே சொல்லப்பட்டது. சொல்லியபடியே அது நடந்துகொண்டது.

நண்பர் சொன்ன மறைபொருள் இங்கே துலங்குகிறது. குரோனோமீட்டர் எனப்படும் கப்பற் கடிகாரம் பிழையே செய்யாத கடிகாரமன்று. வெயிலாலும் குளிராலும் எண்ணெய் தடிப்பதாலும் அது முந்தும், பிந்தும். அதன் சிறப்பெல்லாம் ஒரே சீராகப் பிழை செய்வதில் இருக்கிறது. நேற்று ஒன்றரை நொடி முந்தியது, இன்றும் ஒன்றரை நொடி முந்தும். ஆகவே நாளை எங்கே நிற்கும் என்று சொல்லிவிடலாம். பெட்டிக்குள் வளையங்களில் தொங்கவிடப்பட்டு, கப்பல் சாய்ந்தாலும் தான் சாயாமல், நாள்தோறும் ஒரே மணிக்கு ஒரே கையால் சாவி கொடுக்கப்பெற்று அது வாழும். முள்ளை அடிக்கடி திருப்பினால் பொறியின் நடை கலையும். பல மாதங்களாக எழுதிவந்த கணக்கும் பயனற்றுப் போகும். இன்று சரியான மணி காட்டும். நாளை என்ன காட்டும் என்று எவராலும் சொல்ல இயலாது.

கப்பலில் இரண்டு கடிகாரம் இருந்து அவை முரண்பட்டால் எது தவறு என்று தெரியாது; மூன்று இருந்தால் தெரியும் என்பர். 1831-இல் புறப்பட்ட பீகிள் என்னும் ஆய்வுக்கப்பல் 22 கடிகாரங்களைச் சுமந்து சென்றது. டார்வின் சென்ற கப்பல் என்றே உலகம் அதை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் தலைவர் ஃபிட்ஸ்ராயின் முதன்மையான பணிகளுள் ஒன்று கடற்கரைகளின் தீர்க்கரேகைகளைக் கடிகாரம் கொண்டு அளப்பது. ஐந்தாண்டு கழித்து உலகைச் சுற்றி வந்து கணக்கைக் கூட்டியபோது, சரியாக 24 மணி வரவேண்டிய தொகை ஏறத்தாழ 33 நொடி மிகுந்து நின்றது. இருபத்திரண்டு கடிகாரங்கள், ஐந்தாண்டு உழைப்பு, ஆயினும் 33 நொடி எங்கோ புகுந்துவிட்டது. அவற்றை ஆங்காங்கே பகிர்ந்து மறைத்து 24 என்று முடித்திருந்தால் கண்டுபிடிப்பார் யார்? அவர் அதை அப்படியே அச்சிட்டார். ஃபிட்ஸ்ராயின் பிற கருத்துகளில் நமக்கு உடன்பாடு இல்லாதவை பல. எனினும் அந்த 33 நொடிக்காக அவரை வணங்கத் தோன்றுகிறது.

நம் மண்ணிலும் இக்கலைக்கு வேர் உண்டு. 1689 திசம்பரில் புதுச்சேரியில் வால்விண்மீன் ஒன்றை நோக்கிக்கொண்டிருந்த பிரெஞ்சு இயேசு சபைக் குரு ஜான் ரிஷோ, ஆல்ஃபா செந்தாரி என்னும் ஒளிமிகு விண்மீன் உண்மையில் இரட்டை என்பதைக் கண்டார். கிழக்கிந்தியக் கும்பினியின் அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் சென்னை எழும்பூரில் தம் சொந்தப் பொறுப்பில் ஒரு வானாய்வு நிலையம் அமைத்தார். துறைமுகம் இல்லாத சோழமண்டலக் கரையில் கப்பல்கள் சிதறுண்டு போவதைக் கண்டு வருந்திய காலம் அது. அக்கரையை அளந்த மைக்கேல் டாப்பிங், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கும்பினியின் வானாய்வு நிலையத்தை எழுப்பினார். வானியலும் புவியளவையும் கடற்பயணமும் வளர்வதே அதன் நோக்கம் என்று அன்றே அறிவித்தனர். தொலைநோக்கியைத் தாங்க நிறுத்திய பத்து டன் கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அங்கிருந்து கணிக்கப்பட்ட சென்னை நேரத்தின்படியே இரயில்களும் ஓடின.

அந்நிலையத்தின் கருவிகள் 1899-இல் நம் தலைக்கு மேலே உள்ள கோடைமலைக்கு வந்தன. அக்காலத்தில் மலையேறுவோர் பெரியகுளத்துக்கு அருகேயுள்ள அடிவாரத்திலிருந்து நடைபாதை வழியே ஏறுவர். கருவிப் பெட்டிகளும் நம் ஊர்ச் சுமையாள்களின் தோளில்தான் ஏறியிருக்க வேண்டும். அவ்வாறு கோடைக்கானல் வானாய்வு நிலையத்தைச் சேர்ந்தவற்றுள் ஒன்று, இலண்டன் கைவினைஞர் ஜான் ஷெல்ட்டன் செய்த ஊசற் கடிகாரம். தளபதி குக் தென்கடலுக்குக் கொண்டுசென்றதும் அதே கைவினைஞர் செய்த கடிகாரமே. அக்கடிகாரம் இன்றும் கோடைக்கானலில் காக்கப்பட்டு வருகிறது. கம்பம் பள்ளத்தாக்குக்கும் கடலுக்கும் தொடர்பில்லை என்று இனி நாம் சொல்வதற்கில்லை.

1906 சனவரி முதல் நாள் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வகுக்கப்பட்டது. 82½ பாகைக் கிழக்கு ரேகையின் நேரம் அது. சென்னை நேரத்தைவிட ஒன்பது நிமிடம் முந்தியது. 1928-இல் போடிநாயக்கனூருக்கு இரயில் வந்தபோது அந்நேரமும் அதனோடு வந்து சேர்ந்தது. தேனியின் வானத்தை வைத்துப் பார்த்தால் அது பிழையான நேரமே. நம் கைக்கடிகாரம் 12 காட்டும்போது கதிரவன் உச்சிக்கு வர இன்னும் ஏறத்தாழ 20 நிமிடம் உள்ளது. மாதத்துக்கு ஏற்பக் கால்மணி வரை அது கூடும், குறையும். இராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் நண்பகல் மூவேளைச் செபத்துக்கு மணி ஒலிக்கும்போது, கண்டிப்பாகச் சொன்னால், அது நண்பகலன்று. இதனால் எவர்க்கேனும் அநீதி உண்டா? இல்லை. பிழை இன்னது என்று அறிவித்து, அனைவரும் ஒப்புக்கொண்டு, அனைவரும் ஒன்றாகச் சுமக்கும் பிழை அது.

இதுவரை சொன்னவற்றை மனச்சான்றோடு பொருத்திப் பார்ப்பது எளிது. புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகள் நூலில், ஒரு குறையை நீக்க விரும்புவோன் நாள்தோறும் இருவேளை தன்னை ஆராய்ந்து, விழுந்த அளவுக்குக் கோட்டின்மேல் புள்ளிகள் இடுமாறு கூறுகிறார். நாளை நாளோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிடச் சொல்கிறார். நண்பரின் குறிப்பேட்டைக் கண்டபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கோடுகளே. நம்முள் பலர் தவக்காலத்தில் ஒருமுறை முள்ளைத் திருப்பிச் சரியாக வைத்துக்கொள்கிறோம். உயிர்ப்பு விழா முடிந்து பத்து நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறோம். எத்திசையில், என்ன வேகத்தில் பிசகுகிறோம் என்னும் கணக்கு நம்மிடம் இல்லை. ‘நான் பெரும்பாவி’ என்று பொதுவாகச் சொல்வதில் நமக்குத் தயக்கமே இல்லை. ‘பணம் கைமாறும் இடத்தில் நான் இத்தனை நொடி முந்துகிறேன்’ என்று சொல்லத்தான் நா எழுவதில்லை.

ஓரிடத்தில் இந்த உவமை நொண்டுகிறது. கடிகாரம் தன் பிழையைச் சீராக வைத்துக்கொண்டால் போதும். மனிதனுக்கு அது போதாது. நாள்தோறும் ஒரே அளவு கோபம் கொள்பவனை, ‘நம்பத்தக்கவன்’ என்று மனைவி மக்கள் கொண்டாடுவதில்லை. இதை நாம் நண்பரிடம் சொன்னபோது அவர் வேறொன்றைச் சுட்டினார். கடிகாரத்தின் பிழை ஏட்டில் இருப்பது கடிகாரத்துக்காக அன்று. இரவுக் காவலுக்கு வரும் அடுத்த அதிகாரிக்காக. அவர் அதைப் பார்த்தே கப்பலைச் செலுத்துவார். ஒருவர் மட்டும் பிழையை மனத்தில் வைத்துக்கொண்டு ஏட்டில் எழுதாமல் உறங்கப் போனால், அக்கடிகாரத்தைவிடக் கொடியது கப்பலில் வேறில்லை.

இன்று கப்பல்களும் நம் கைப்பேசிகளும் செயற்கைக்கோள்களைக் கேட்டே இடமறிகின்றன. அவற்றிலும் உள்ளவை கடிகாரங்களே, அணுக்கடிகாரங்கள். அவையும் பிசகுகின்றன. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் நேரத்தை ஒலிபரப்பும்போதே, தன் கடிகாரம் எவ்வளவு பிசகியுள்ளது என்னும் திருத்தத்தையும் சேர்த்தே ஒலிபரப்புகிறது. கேட்பவர் அனைவரும் கேட்கும்படி.

அடுத்த காவலர் என்று நண்பர் சொன்ன அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஏன் என்பதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

நம் இளமையில், எழுபதுகளில், நம் தந்தையார்க்கும் பெரியப்பாவுக்கும் கூட்டுக்கிணறு ஒன்று இருந்தது. ஒரே மோட்டார். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை ஒருவர் முறை. மாலையிலிருந்து காலைவரை மற்றவர் முறை. வாரத்துக்கு ஒருமுறை பகலும் இரவும் மாறும். வாழையும் நெல்லும் போட்டிருந்தோம். கோடையில் ஆறு மணி என்பது அந்தக் கிணற்றடியில் பொன்னினும் அரியது.

நம் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் முந்தி வைக்கப்பட்டிருந்தது. அதில் வஞ்சகம் எதுவும் இல்லை; பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பேருந்தைத் தவறவிடக் கூடாது என்று அன்னையார் செய்த ஏற்பாடு. அக்காலத்தில் பல வீடுகளிலும் இவ்வழக்கம் இருந்தது. இன்றும் இருக்கக் கூடும். பத்து நிமிடம் என்பது வீட்டில் அனைவரும் அறிந்த செய்தி. ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும்போது அதைக் கழித்துக்கொள்வோம். பேருந்துக்குக் கழித்துக்கொள்வோம். வானொலிச் செய்திக்குக் கழித்துக்கொள்வோம். தண்ணீர் முறைக்கு மட்டும் ஒருவரும் கழிக்கவில்லை.

நம் முறை தொடங்க வேண்டிய வேளையில், சுவர்க்கடிகாரம் ஆறு காட்டியதும் நாம்தான் ஓடிப்போய் மடையை மாற்றுவோம். உண்மையில் அப்போது ஐந்து ஐம்பது. நம் முறை முடிய வேண்டிய வேளையில், பெரியப்பா தம் வீட்டில் வானொலி மணிக்குறிக்குச் சரிசெய்து வைத்த கடிகாரத்தைப் பார்த்து, சரியாக ஆறுக்கு வந்து மடையை மாற்றுவார். தொடக்கம் நம் கடிகாரத்தின்படி. முடிவு அவருடைய கடிகாரத்தின்படி. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நம் வயலுக்கு மிகுதி.

ஒரு மாலை பெரியப்பா வாய்க்கால் வரப்பில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். மடையை நோக்கி நாம் போவதைக் கண்டு மேற்கே ஒருமுறை பார்த்தார். மலைக்கு மேல் இன்னும் வெளிச்சம் இருந்தது.

“என்னய்யா, அதுக்குள்ள ஆறாயிருச்சா?”

“ஆயிருச்சு பெரியப்பா.”

அவர் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி வழிவிட்டார். அந்த இரு சொற்களை நாம் ஒப்புரவு அருட்சாதனத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. மறைத்ததாகவும் சொல்ல முடியாது. பாவம் என்று தோன்றவே இல்லை. கடிகாரம் ஆறுதானே காட்டியது? கள்ளத் தராசை ஆண்டவர் அருவருக்கிறார் என்று மறைக்கல்வியில் படித்திருந்தோம். சுவரில் தொங்கும் கடிகாரமும் தராசு ஆகக்கூடும் என்று அப்போது நமக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமா என்பது வேறு.

நண்பரின் ஏட்டைக் கண்ட பிறகு நாமும் ஒரு கணக்கு எழுதினோம். ஆண்டில் 200 நாள் நீர் பாய்ச்சினோம் என்று வைத்துக்கொண்டால் 2,000 நிமிடம். ஆறு ஆண்டில் 12,000 நிமிடம். 200 மணி நேரம். பன்னிரண்டு மணி நேரம் ஒரு முறை என்றால், பதினாறு முறைத் தண்ணீருக்கும் மேல். கடலில் பத்து நிமிடப் பிழை நம் அட்சத்தில் ஏறத்தாழ 275 கிலோமீட்டர்; தேனியிலிருந்து கிழக்கே கோடு போட்டால் கரையைத் தாண்டிக் கடலுக்குள் விழும் தூரம். ஒரு கோடையில் பெரியப்பாவின் வாழை கருகியது நினைவிருக்கிறது. அது எந்த ஆண்டு, நம் வாழை அவ்வாண்டு எப்படி இருந்தது என்பதும் நினைவிருக்கிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

பிறர் பொருளைக் கவர்ந்தவன் வருந்தினால் மட்டும் போதாது, திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்பது திருச்சபையின் தெளிவான போதனை. சக்கேயு நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார். அவர் கவர்ந்தது பணம். தண்ணீரைக் கவர்ந்தவன் எதைத் திருப்புவான்? பெரியப்பா இறந்து ஆண்டுகள் பல ஆயின. தந்தையாரும் இல்லை. அந்த நிலத்தில் பாதி கைமாறிவிட்டது. கிணறு தூர்ந்து, அதனருகே வேறொருவரின் ஆழ்துளைக் குழாய் ஓடுகிறது. பங்குத் தந்தையிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, பெரியப்பாவின் பிள்ளைகளுள் எவரேனும் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் போடியில் இருக்கிறார். சென்ற ஆண்டு வைகாசியில் ஒருநாள் அவர் வீட்டுக்குச் சென்று, காப்பி அருந்தியபின், நடந்ததைச் சொன்னோம். 12,000 நிமிடம் என்னும் கணக்கையும் சொன்னோம். அதற்கீடாக ஏதேனும் அவர் பேரப்பிள்ளைகளின் படிப்புக்குத் தர விரும்புவதையும் தடுமாறிச் சொன்னோம்.

அண்ணன் நம்மைச் சற்று நேரம் பார்த்தார்.

“உங்க வீட்டுக் கடிகாரம் பத்து நிமிசம் முந்தும்னு அப்பாவுக்குத் தெரியுமேப்பா. ரேடியோ எங்க வீட்லதான இருந்துச்சு. தம்பி வீட்ல புள்ளைங்க நிறைய, போகட்டும்னு சொல்லுவாரு.”

பிறகு ஏலக்காய் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். பணத்தைப் பற்றிய பேச்சை நாம் மீண்டும் எடுத்தபோது, அவர் எழுந்து போய் மகளிடம் இன்னொரு காப்பி சொன்னார்.

ஆறு ஆண்டு, ஒவ்வொரு முறையும், நம் பிழையை அறிந்தே அவர் ஒதுங்கி நின்றிருக்கிறார். இச்செய்தி நம் சுமையைக் குறைத்ததா, கூட்டியதா என்று சென்ற ஞாயிறு கப்பல் நண்பர் கேட்டார். விடை சொல்ல இயலவில்லை. 200 மணி நேரம் என்று எழுதிய தாள் நம் செபப்புத்தகத்துக்குள் இருக்கிறது. அண்ணன் வீட்டிலிருந்து திரும்பிய அன்றே அதைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தோம்; பிறகு, கீழே நாளையும் ‘பெரியப்பாவுக்குத் தெரியும்’ என்பதையும் எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம்.